சிவப்புக் கோடு போட்ட விடுதி

புவனேந்திரன் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பதில்லை, சுவரோரம் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்குகிற றேடியேற்றரைத்தான் பார்ப்பார். பொய்லர் திருத்துகிறவருக்கு அதுதானே முறை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் லண்டனில் பொய்லர் திருத்துகிற எத்தனை பேர் ஒரு பழைய ஜாம் போத்தலைக் கையில் கொண்டு திரிகிறார்கள்? இவர் திரிகிறார். றேடியேற்றரின் அடியில் ஒரு திருகைத் தளர்த்தி, உள்ளே ஓடுகிற தண்ணீரில் அரைப் போத்தல் பிடித்து, ஜன்னலடிக்குக் கொண்டுபோய், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தெளிவாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். கலங்கலாக இருந்தால் தலையை ஆட்டி, "எத்தினை வருசமாய் இதை இப்பிடி விட்டிருக்கிறியள்?" என்று கேட்பார். பிள்ளையைப் பட்டினி போட்டவர்களை விசாரிக்கிற தோரணை அது. அவர் குடியிருக்கிற ஈஸ்ட் ஹாமில் பாதிப் பேருக்கு அந்தப் போத்தலைக் கண்டாலே பயம்.

தெளிந்த தண்ணீர் என்றால் பொய்லர் சுகம், கலங்கல் என்றால் அதற்கு வருத்தம். இதை அவர் ஜெர்மனியில் படித்தார். எண்பத்தாறில் அங்கே அகதியாகப் போனவர், வூப்பர்டால் நகரத்தில் பதினெட்டு வருடம் குழாயும் பொய்லருமாகக் கழித்தார். ஒரே மகள் துஷ்யா ஆங்கிலத்தில் படிக்கட்டும், மனைவி தவமலர் இல்ஃபோர்டில் இருக்கிற தன் சொந்தக்காரர்களோடு சிரித்துப் பேசட்டும் என்று லண்டனுக்கு வந்தார். வரும்போது கொண்டுவந்தவற்றில் இன்றைக்கும் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, குழாய் முடுக்குகிற ஒரு செட் ஜெர்மன் சாவிகள். மற்றது கலங்கல் தண்ணீர் மேல் உள்ள கோபம்.

இவ்வளவு சொன்ன பிறகு அவருடைய சொந்த வீட்டுப் பொய்லரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அது பத்து வருடமாக நோஞ்சான். குழாயைத் திறந்து ஏழாவது நிமிடத்தில் தண்ணீர் ஆறிவிடும். லண்டன் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு உள்ளே ஒரு தகட்டில் படிந்து கிடக்கிறது, அதைக் கழற்றிக் கழுவினால் சரி, ஒரு காலை வேலை. அந்தக் காலை மட்டும் வந்ததே இல்லை. "ஊருக்கெல்லாம் சுடுதண்ணி குடுக்கிற மனிசன், வீட்டில இருக்கிற ஒரு மனிசிக்கு ஏழு நிமிசம்தான் குடுக்கிறார்" என்று தவமலர் கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். அவரும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

தவமலர் வாயாடி. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறினவள், வாய் இல்லாவிட்டால் அங்கே நிற்க ஏலாது. செவ்வாய்க்கிழமைகளில் தன் சிநேகிதி மேரிறோஸோடு நீச்சல் குளத்துக்குப் போவாள். பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில், இரண்டு பேரும் நீந்துவது பத்து நிமிடம், கழுத்தளவு தண்ணீரில் நின்று கதைப்பது ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்துக்காகத்தான் போகிறோம் என்று அவளே சொல்வாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவளுக்கு இடது மார்பை எடுத்தார்கள். நோய் போய்விட்டது. வைத்தியர்கள் இப்போது வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, சிரித்து அனுப்புகிறார்கள். வாயும் திரும்பி வந்துவிட்டது. குளம் மட்டும் திரும்பி வரவில்லை. சுகமான பிறகு ஒரேயொரு முறை போனாள். உடை மாற்றுகிற அறையில் தெரிந்த பெண் ஒருத்தி கண்டுவிட்டு, "ஐயோ பாவம் அக்கா" என்று கண் கலங்கினாள். தவமலர் குளத்தில் இறங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள். "நோவு எனக்குத் தாங்கும், மேரிறோஸ். பாவம் தாங்காது" என்று போனில் சொன்னது புவனேந்திரனுக்கும் கேட்டது.

இன்னொன்றும் நடந்தது. ஆஸ்பத்திரியால் வந்த மூன்றாம் நாள், "குளிக்கிற அறைக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாங்கோ" என்று கேட்டாள். பொய்லருக்குப் பத்து வருடம் தவணை சொன்ன மனிதர் தாழ்ப்பாளை அன்று பின்னேரமே போட்டுக் கொடுத்தார். அந்த வீட்டில் அவர் கேட்டவுடன் செய்த ஒரே வேலை அதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அது இழுபடுகிற சத்தத்தை அவர் கீழே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்கிறார். தையல் போட்ட இடத்தை அவர் இதுவரை கண்டதில்லை. ஊரார் வீட்டுச் சுவருக்குள்ளே எல்லாம் டோர்ச் அடித்துப் பார்க்கிறவருக்கு, "எனக்குக் காட்டும்" என்று கேட்க வாய் வரவில்லை.

இனி ஒரு ஜப்பான் பயணம் வருகிறது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறைத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. மருந்து ஏற்றுகிற நாட்களில் ஒருநாள், பனி கொட்டுகிற ஒரு ஜப்பான் மலையில், ஆவி பறக்கிற ஊற்றுத் தண்ணீருக்குள் குரங்குகள் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்ததைக் காட்டினார்கள். தவமலர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தக் குரங்கைப் பாருங்கோ. உங்களிலும் பார்க்க நல்ல பிளம்பர் வைச்சிருக்குது" என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் விட்ட முதல் பகிடி அது. புவனேந்திரனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "உம்மை அங்க கூட்டிக்கொண்டு போய்ச் சுடுதண்ணியில இருத்திறன்" என்றார்.

"குரங்குக்குப் பக்கத்திலயோ?" என்று கேட்டாள்.

சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை. இந்த வருடம் துஷ்யா, கந்தசஷ்டி விரதம் முடிந்த அடுத்த கிழமைக்கு மூன்று பேருக்கும் விமானச் சீட்டு எடுத்தாள். அவள் வால்தம்ஸ்டோவில் இருக்கிறாள், கண் பரிசோதிக்கிற வேலை, எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். தோக்கியோ, ரயில், ஹோட்டல் எல்லாம் தானே பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் ஒரே ஒரு வேலை செய்யுங்கோ. மலையில ரெண்டு நாள் நிக்கிற விடுதியைத் தெரிவு செய்யுங்கோ" என்று ஏழு விடுதிகளின் விபரத்தை அனுப்பினாள். எல்லாம் நகானோ மலைப் பக்கம். ரியோக்கான் என்று சொல்கிற பழைய முறை விடுதிகள், தரையெல்லாம் பாய், நிலத்தில் மெத்தை, அறைக்கே வந்து பன்னிரண்டு கிண்ணத்தில் சாப்பாடு, வெளியே மலையைப் பார்த்தபடி ஊற்றுத் தண்ணீர்த் தொட்டி. இலை சிவக்கிற காலம் என்பதால் அறைகள் பறந்துகொண்டிருந்தன. அடுத்த சனிக்கிழமை பின்னேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் படங்களைப் பார்த்து, நல்ல மரம், நல்ல மலை, சாப்பாடு எப்படி என்று பார்த்திருப்பார்கள். புவனேந்திரன் வாகனத்திலிருந்து ஒரு சேர்விஸ் படிவத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் அட்டவணை போட்டார். தண்ணீர் ஊற்றிலிருந்து நேரே வருகிறதா, அல்லது பம்ப் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுற்றுகிறார்களா? நிமிடத்துக்கு எத்தனை லீற்றர்? என்ன வெப்பம்? குழாய் செம்பா, இரும்பா? கடைசி நிரல், தெளிவா கலங்கலா. பிறகு துஷ்யாவின் உதவியோடு ஏழு பேருக்கும் மின்னஞ்சலில் கடிதம் போட்டார்.

மூன்று விடுதிகள் பதிலே போடவில்லை. ஒரு விடுதி, தங்கள் குழாய்களை விற்பதற்கில்லை என்று மிகவும் பணிவாக எழுதியது. இரண்டு விடுதிகள், எங்கள் தண்ணீர் கந்தகம் கலந்தது, பால் போல வெள்ளையாக இருக்கும், அதுதான் எங்கள் பெருமை என்று எழுதின. புவனேந்திரன் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். கலங்கலில் என்ன பெருமை? சிவப்புப் பேனையை எடுத்து, ஸ்கேல் வைத்து, இரண்டின் மேலும் நேராகக் கோடு போட்டார்.

மிஞ்சியது ஒன்று. அந்த விடுதியின் குழாய் வேலை பார்க்கிறவர் பதினொரு புகைப்படம் அனுப்பியிருந்தார். ஒன்றில் ஊற்றின் வாய், ஒன்றில் வால்வு, ஒன்றில் வெப்பமானிக்குப் பக்கத்தில் அவரே கையுறையோடு. புவனேந்திரன் அந்தப் படங்களை இரண்டு நாள் எல்லாருக்கும் காட்டித் திரிந்தார். தன் வாழ்நாளில் கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொன்ன முதல் மனிதன் ஜப்பான் மலையில் இருக்கிறான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துஷ்யா சாப்பிட வந்தாள். தவமலர் நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். புவனேந்திரன் கை கழுவுவதற்கு முதலே செய்தியை எடுத்து வைத்தார்.

"தண்ணி எண்டால் தண்ணி. ஊத்தில இருந்து நேர வருது. நிமிசத்துக்கு நூற்றெண்பது லீற்றர். கண்ணாடி. அடியில கிடக்கிற கல்லில உள்ள புள்ளி கூடத் தெரியும்."

"சரி, அங்க என்ன மாதிரிக் குளிக்கிறது?" என்று தவமலர் கேட்டாள்.

துஷ்யா போனைப் பார்த்து வாசித்தாள். ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு. முதலில் ஒரு சின்ன முக்காலியில் இருந்து உடம்பைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவேண்டும். பிறகு தொட்டிக்குள் இறங்கலாம். உடுப்பு, துவாய் ஒன்றும் தண்ணீருக்குள் படக்கூடாது.

தவமலரின் கையில் இருந்த அகப்பை நின்றது. "ஒண்டும் உடுக்காமலோ?"

"ஓம் அம்மா. எல்லாரும் அப்பிடித்தான். ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"கல்லில இருக்கிற புள்ளி தெரியுமெண்டு கொப்பா இப்பதானே சொன்னார்."

புவனேந்திரனுக்கு அப்போதுதான் தான் பெருமையாகச் சொன்னது என்னவென்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். தவமலர் ஒன்றும் நடக்காதது போலக் குழம்பை ஊற்றினாள். "நான் வாறன். ஏன் வராமல். நீங்கள் தண்ணியில இருங்கோ. நான் ஜன்னலடியில இருந்து மலையைப் பாக்கிறன். பன்னிரண்டு கிண்ணத்தில சாப்பாடு வருமாம், எனக்கு அது போதும்."

துஷ்யா அவசரமாக ஒரு வழி சொன்னாள். சில விடுதிகளில் அறைக்குள்ளேயே தனித் தொட்டி உண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு எவ்வளவு நேரமும் இருக்கலாம்.

"வீட்டில பூட்டிக்கொண்டுதானே குளிக்கிறன்" என்றாள் தவமலர். "ஆறாயிரம் மைல் பறந்து போயும் பூட்டிக்கொண்டு குளிக்கவோ? பொம்பிளையள் நாலு பேர் கழுத்தளவு தண்ணியில இருந்து கதைப்பினம், அவை கதைக்கிறது விளங்காட்டிலும் நானும் அதுக்குள்ள இருக்கவேணும். அது ஏலாதெண்டால் விடுங்கோ. நண்டு ஆறுது, சாப்பிடுங்கோ."

இவ்வளவுதான் விஷயம். குரங்கைப் பார்த்துச் சிரித்த நாளில் அவர் கொடுத்த வாக்கு, தண்ணீரில் இருத்துகிறேன் என்பது. ஜன்னலடியில் இருத்துகிறேன் என்று அவர் சொல்லவில்லை. தவமலரைப் பெண்களுக்கு நடுவே தண்ணீரில் இருத்த முடியாவிட்டால் ஜப்பானுக்குப் போவதும் பக்கத்தில் இருக்கிற சவுத்தெண்டுக் கடற்கரைக்குப் போவதும் அவருக்கு ஒன்றுதான். சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

திங்கட்கிழமை பதினொரு படம் அனுப்பியவருக்கு எழுதினார். என் மனைவி ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கலாமா? செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. மன்னிக்க வேண்டும், எங்கள் விடுதியில் அந்த வழக்கம் இல்லை. கூடவே, ஆறுதலுக்கோ என்னவோ, இன்னொரு வால்வின் படமும் இருந்தது. இந்த முறை புவனேந்திரன் அதை ஒருவருக்கும் காட்டவில்லை. அன்று இல்ஃபோர்டில் ஒரு வீட்டில் போத்தலைத் தூக்கிப் பார்த்தவர், தண்ணீர் கறுப்பாக இருந்தும் ஒன்றும் பேசாமல் வேலையை முடித்தார். அந்த வீட்டுக்காரர் அம்பலவாணன், அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ என்று பயந்து, தேத்தண்ணீரோடு வடையும் கொண்டுவந்து வைத்தார்.

புதன்கிழமை பின்னேரம். புவனேந்திரன் கதிரையில் சாய்ந்து கிடந்தார். தவமலர் மேசையைத் துடைக்கப் போனவள், அட்டவணையைக் கையில் எடுத்தாள்.

"இதென்ன, ரெண்டு பேருக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறியள்? கூடாத ஆக்களோ?"

"தண்ணி கூடாது. கலங்கல்."

"எவ்வளவு கலங்கல்?"

"சும்மா பால் மாதிரி. கந்தகம். கூழ்முட்டை மணம் மணக்கும். உதை ஒரு சிஸ்டத்துக்குள்ள விட்டால் ஒரு வருசத்தில செம்புக் குழாயைத் திண்டுபோடும்."

"நான் என்ன செம்புக் குழாயே?"

தவமலர் கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்தை வாசிக்கப் பார்த்தாள். "கையை உள்ள விட்டால் கை தெரியுமோ?"

"தெரியாது. ஒண்டுமே தெரியாது. அதைத்தானே நான் சொல்லுறன்..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார்.

"உங்களுக்குத் தண்ணிக்குள்ள இருக்கிறதெல்லாம் தெரியவேணும்" என்றாள் தவமலர், மெதுவாக. "எனக்குத் தண்ணிக்குள்ள ஒண்டும் தெரியக்கூடாது."

புவனேந்திரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முப்பத்தெட்டு வருடம் தண்ணீரைப் பார்த்த கண், தண்ணீரில் இறங்கப் போகிறவளைப் பார்க்கவில்லை. எழுந்து, அவள் கையிலிருந்த கடதாசியை வாங்கி, இரண்டில் எந்த விடுதி என்று கேட்டார். வெளித் தொட்டி பெரிதாக இருக்கிறதை அவள் காட்டினாள். அன்றைக்கே அந்த விடுதிக்குக் கடிதம் போனது. இந்த முறை குழாய், லீற்றர், வால்வு ஒன்றும் இல்லை. இரண்டே கேள்வி. உங்கள் தண்ணீர் எவ்வளவு கலங்கல்? கழுவுகிற இடத்திலிருந்து தண்ணீருக்கு எத்தனை அடி நடக்கவேண்டும்?

வியாழக்கிழமை விடுதிக்கார அம்மா பதில் எழுதியிருந்தார். மணிக்கட்டு வரை கையை விட்டால் விரல்கள் தெரியாது. நடப்பதற்கு ஆறு அடி. எல்லாரும் சின்னத் துவாயை முன்னால் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், இறங்கும்போது தலையில் வைத்துக்கொள்வார்கள். ஒரு அறைதான் மிச்சம், சனிக்கிழமை வரை வைத்திருக்கிறோம். ஒரு படமும் இருந்தது. வெள்ளைத் தண்ணீர், ஒரு பெண்ணின் முன்கை, மணிக்கட்டோடு முடிகிறது.

தவமலர் அதை நெடுநேரம் பார்த்தாள். "போட்டோவில எல்லாரும் வடிவுதான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அங்க போய் இறங்கினாப் பிறகு தெரிஞ்சால் என்ன செய்யிறது?"

அது நியாயமான கேள்வி. பரிசோதிக்காமல் எந்தப் பொய்லரையும் ஒப்படைக்காத மனிதருக்கு அது மிகவும் நியாயமான கேள்வியாகப் பட்டது.

சனிக்கிழமை காலை புவனேந்திரன் ஒரு வேலைக்கும் போகவில்லை. ஜெர்மன் சாவிகளை எடுத்துக்கொண்டு தன் சொந்தப் பொய்லரின் மூடியைக் கழற்றினார். தகட்டை வெளியே எடுத்தபோது தோசைக்கல் கனத்துக்குச் சுண்ணாம்பு இருந்தது. வேறு வீட்டில் கண்டிருந்தால் ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். சத்தம் போடாமல் கழுவிப் பூட்டினார். பதினைந்து நிமிடம் ஓடவிட்டும் தண்ணீர் ஆறவில்லை. பிறகு ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் போய், தமிழ்க் கடையில் பெரிய பால்மாப் பெட்டி ஆறு எடுத்தார்.

"என்ன அண்ணை, கோயில்ல அபிஷேகமோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஓம், அப்பிடித்தான்" என்றார் புவனேந்திரன்.

பால்மா சுடுதண்ணீரில் கட்டிபடும் என்று அவருக்குத் தெரியும். புது வாளியில் பச்சைத்தண்ணீர் விட்டு, பெயின்ற் கலக்குகிற தண்டில் பாவிக்காதது ஒன்றை ட்ரில்லில் பூட்டிக் கரைத்தார். குளியல் தொட்டியை நிரப்பினார். கரைசலை ஊற்றி, வெப்பமானியை விட்டு, நாற்பத்திரண்டு பாகைக்குக் கொண்டுவந்தார். சத்தம் கேட்டுத் தவமலர் மேலே வந்து வாசலில் நின்றாள். தொட்டியைப் பார்த்தாள். ட்ரில்லைப் பார்த்தாள். மூக்கில் பால்மா ஒட்டியிருந்த கணவரைப் பார்த்தாள்.

"எந்தச் சாமிக்கு?" என்று கேட்டாள்.

அவர் ஜாம் போத்தலை எடுத்து, தொட்டியில் முக்கி நிரப்பி, ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார். வெளிச்சம் வரவில்லை. மறுபக்கத்தில் விரலை வைத்தார். விரல் தெரியவில்லை. கலங்கல் தண்ணீரைக் கண்டு புவனேந்திரன் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. "மணிக்கட்டுத் தேவையில்லை. நாலு விரல் ஆழத்திலயே காணாமல் போகுது. விடுதித் தண்ணியிலும் பார்க்க நான் கொஞ்சம் கூடப் போட்டிட்டன். முட்டை மணம் மட்டும் போடேல்ல."

தவமலர் சிரிக்கவில்லை. தொட்டி ஓரத்தில் கையை விட்டாள். விரல்கள் போயின, மணிக்கட்டுப் போனது. கையைச் சிறிது நேரம் உள்ளேயே வைத்திருந்தாள். "அங்கால போங்கோ" என்றாள். "ஆறு அடி எண்டவை. எங்கடை அறை வாசலில இருந்து இஞ்ச எத்தினை?"

அவர் நடந்து பார்த்தார். ஏழு. "ஒண்டு கூட" என்றார்.

"பரவாயில்லை. உங்கை சுவரைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

புவனேந்திரன் மாடிப்படி முகப்பில் சுவரைப் பார்த்து நின்றார். அந்தச் சுவரில் துஷ்யாவின் பட்டமளிப்புப் படம் தொங்கியது, அதையே பார்த்தார். முதுகுக்குப் பின்னால் அறைக் கதவு திறந்தது. வெறும் காலடி கேட்டது.

"ஒண்டு, ரெண்டு..." என்று அவர் தன்னையறியாமல் எண்ணினார்.

"எண்ணாதேங்கோ. ரொக்கெட்டே விடுறியள்?"

அவர் வாயை மூடினார். தண்ணீர் கலகலத்தது. பிறகு ஒரு பெரிய மூச்சு. தாழ்ப்பாள் சத்தத்துக்காக அவருடைய காது காத்திருந்தது. அது வரவில்லை. கதவு சாத்துகிற சத்தமும் வரவில்லை. ஐந்து நிமிடம் போனது. ஏழு போனது. பத்துப் போனது.

"இஞ்சேருங்கோ" என்று தவமலர் கூப்பிட்டாள். "தண்ணி ஆறேல்ல."

"ஆறாது. திருத்திட்டன்."

"பத்து வருசம் எடுத்தது." தண்ணீர் அசைந்தது. "திரும்பிப் பாருங்கோ. ஏதும் தெரியுதோ எண்டு சொல்லுங்கோ. பொய் சொல்லப்படாது."

அவர் திரும்பினார். கதவு அகலத் திறந்து கிடந்தது. ஆவி. கொண்டை. தலையில் மடித்து வைத்த சின்னத் துவாய். வியர்த்துச் சிவந்த முகம், இரண்டு தோள். அதற்குக் கீழே பால்.

"உம்மட முகம்தான் தெரியுது" என்றார். "குரங்கு மாதிரி இருக்கிறீர்."

தவமலர் வீடு அதிரச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அவர் வாசற்படியில் குந்த, அவள் உள்ளே இருக்க, இரண்டு பேரும் அரை மணி நேரம் கதைத்தார்கள். அட்டவணையைப் பற்றி, மேரிறோஸ் இதைக் கேட்டால் என்ன சொல்வாள் என்பதைப் பற்றி, ஆறு பெட்டி பால்மாவில் எத்தனை நாள் தேத்தண்ணீர் குடித்திருக்கலாம் என்பதைப் பற்றி. விரல் நுனியெல்லாம் சுருங்கிய பிறகு தவமலர் அடியில் கையை விட்டு அடைப்பானை இழுத்தாள். "அந்தப் பெரிய துவாயை எடுத்துத் தாங்கோ" என்றாள்.

துவாய் உள்ளே, கதவுக்குப் பின்னால் தொங்கியது. அவர் போய் எடுத்தார். அவளுக்கு முகத்தைக் காட்டாமல் பின்பக்கமாகக் கையை நீட்டினார்.

"கோணிக்கொண்டு நிக்காமல் இஞ்சால திரும்புங்கோ" என்றாள்.

வீட்டு வேலை ஒன்றையும் காலத்தில் செய்யாத மனிதர் அல்லவா, தொட்டியின் கழிவுக் குழாயும் பாதி அடைத்துத்தான் இருந்தது. தண்ணீர் கடகடவென்று போகவில்லை. மிக மெதுவாக, விரல் விரலாக இறங்கியது. தோள் தெரிந்தது. பிறகு அதற்குக் கீழே. தவமலர் கையைக் கொண்டு மறைக்கவில்லை. அவள் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே "பாவம்" வருகிறதா என்று பார்த்தாள்.

புவனேந்திரன் ஒரு கண்ணை மூடினார். போத்தலைப் பார்க்கிறது போல, தலையைச் சரித்து, கிட்டக் குனிந்து பார்த்தார். அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரை ஒரு கோடு, வெளிறிப்போய், நேராக. மேடு இல்லை, பள்ளம் இல்லை.

"ஆர் செய்தது இந்த வேலை?" என்று கேட்டார்.

"ஆர் செய்யிறது, அந்த டொக்டர்தான். ஏன்?"

"இவ்வளவு துப்புரவாய் நான் முப்பத்தெட்டு வருசத்தில ஒரு குழாய்க்கும் பற்று வைச்சதில்லை."

அவர் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை, ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலையைப் பார்த்து மனதாரச் சொன்னார். தவமலர் அவருடைய முகத்தை இன்னும் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். அவள் தேடியது அங்கே இல்லை. துவாயை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவருடைய மூக்கில் இருந்த பால்மாவை விரலால் துடைத்துவிட்டாள்.

"நிண்டு பாத்தது போதும். பின்னேரமாகுது, அறை போயிடும். போய் அந்த முட்டைமணத்துக் கடைக்கு எழுதுங்கோ. நாங்கள் வாறம், நானும் தண்ணியில இறங்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றாள். "பேந்து மேரிறோஸுக்குப் போன் போட்டுத் தாங்கோ. வாற செவ்வாய்க்கிழமை குளத்துக்கு எத்தினை மணிக்கெண்டு கேக்கவேணும்."